உலகத்தின் கணக்கப்பிள்ளை

போர் வென்ற மன்னர்க்கும் புதுநிலம் கண்ட மாலுமிகளுக்கும் வரலாறு எழுத முன்வந்தோர் பலர். பேரேடு எழுதியவனுக்கு வரலாறு எழுதியோர் மிகச் சிலர். நாள்தோறும் மேசைமுன் அமர்ந்து, இன்னார்க்கு இன்ன இலக்கம் என்று வரிசை பிசகாது குறித்து வைப்பதை எவரும் அருஞ்செயலாகக் கருதுவதில்லை. ஆயினும், பேரேட்டின் அருமையை ஊவா மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த எம்மவர் நன்கறிவர். செக்றோலிலே பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. பிறப்புப் பதிவிலே தந்தையின் பெயர் ஓரெழுத்துப் பிறழ்ந்தமையாற் பிரசாவுரிமைக்கு அலைந்தவர் கதை எமது லயங்களுக்குப் புதிதன்று. ஆதலின், கலிபோர்னியாவிலே வாழ்ந்து மறைந்த ஒரு பேரேட்டுக்காரரின் வரலாற்றைப் பதுளையிலிருந்து எழுதத் துணிந்தேன்.

அவர் பெயர் ஜொனதன் புரூஸ் பொஸ்டெல். நண்பர்கள் ஜொன் என்று சுருக்கி அழைத்தனர். பொஸ்டெல் என்றதும் தபாற் கந்தோர் நினைவுக்கு வருவது நம் செவியின் குறும்பு. எனினும் அவர் செய்த தொழிலுக்கு அப்பெயர் பொருத்தமாகவே வாய்த்தது. உலகெங்கும் கணினிகளும் கைப்பேசிகளும் இடையறாது செய்தி பரிமாறுகின்றன அல்லவா? அனுப்பும் கருவி எது, பெறும் கருவி எது என்பதைக் காட்ட ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் வேண்டும். அதனை ஐ.பி. முகவரி என்பர். ஒரே இலக்கம் இருவர்க்குப் போய்விடாதபடி அவற்றின் தலையேட்டைக் காத்தவர் இவர். தோட்டத்து மொழியிற் சொன்னால், உலகத்துக்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவர்.

பொஸ்டெல் 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆம் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரையடுத்த அல்டடீனாவிற் பிறந்தார். அவர் படித்த வான் நைஸ் உயர்பள்ளியிலேயே விண்டன் சேர்ப், ஸ்டீபன் குரொக்கர் என்ற இருவரும் படித்தனர். ஒரே பள்ளியில் உருவான இம்மூவரும் பின்னர் இணையத்துக்கு அடித்தளமிட்ட சிறு குழுவிலே ஒன்றுகூடியது வியப்புக்குரியது. லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966இல் இளமாணிப் பட்டமும், 1968இல் முதுமாணிப் பட்டமும், 1974இற் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அவர் அங்கே மாணவராயிருந்த காலத்திலேதான், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியோடு அர்ப்பாநெற் என்னும் வலையமைப்புத் தோன்றியது. 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி இரவு அப்பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்ட் ஆய்வு நிலையத்துக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அனுப்ப முனைந்தபோது, இரண்டெழுத்துச் சென்றதும் மறுமுனைக் கணினி முடங்கிவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது. இரண்டெழுத்தோடு தடுக்கி விழுந்த அக்குழந்தை இன்று எங்கெல்லாம் ஓடுகிறது என்பதை நாம் காண்கிறோம்.

அக்குழுவினர் தம் எண்ணங்களைக் கருத்துரை வேண்டும் குறிப்புகள் என்ற அடக்கமான தலைப்பில் எழுதி, வரிசை எண்ணிட்டு, தம்முட் சுற்றுக்கு விட்டனர். 1969 ஏப்ரலில் குரொக்கர் எழுதிய குறிப்பே முதலாவது. அக்குறிப்புகளின் பதிப்பாசிரியர் பொறுப்பு விரைவிலே பொஸ்டெலிடம் வந்தது. அவர் இறக்கும்வரை அவரை விட்டு நீங்கவில்லை. அவர் கைபட்டு வெளிவந்தவை ஈராயிரத்துக்கும் மேற்பட்டவை. மயக்கமான சொற்களைக் களைந்தார், தகுதியற்றவற்றைத் திருப்பியனுப்பினார், உடன்பாடில்லாத கருத்தாயினும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் இடம் கொடுத்தார். பத்திரிகைத் தொழிலின் நேர்மை அறிந்தவர்கள் இக்கடைசிப் பண்பின் அருமையை உணர்வார்கள்.

1972ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் எழுதிய 349ஆம் இலக்கக் குறிப்பு இரண்டொரு பந்திகளில் அடங்குவது. எனினும் அவர் வாழ்க்கையின் திறவுகோல் அதிலேயே இருக்கிறது. வலையமைப்பிலே பொதுவாக வழங்கும் எண்களை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்ளாமல், ஒருவரே பொறுப்பேற்றுப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்பது அதன் பொருள். அந்த ஒருவர் யார் என்ற இடத்திலே, அடைப்புக்குறிக்குள், தம்மையே சுட்டி ஒரு வினாக்குறியும் இட்டிருந்தார். எவரும் மறுக்கவில்லை. மறுக்காமையே நியமனமாயிற்று. பிற்காலத்தில் உலக அரசுகள் எல்லாம் கண்வைத்த ஒரு பதவி, ஒரு வினாக்குறியிலே தொடங்கியது.

அவ்விலக்கங்கள் எத்தகையன என்பதைச் சற்று விளக்கவேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து நம் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளர்க்குத் தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. சேரவேண்டிய தோட்டத்துக்குரிய இலக்கம் அதிலே பொறிக்கப்பட்டிருந்தது. தகரத்தைப் பார்த்தே அவர்களை இன்ன தோட்டத்துக்கென வழியனுப்பினர். தோட்டத்தை அடைந்தபின்னரே ஆள் யார், காம்பரா எது என்ற கேள்விகள் எழுந்தன. ஐ.பி. முகவரியும் அவ்வாறே இரு கூறுடையது. முற்கூறு எந்த வலையமைப்பு என்பதைச் சொல்லும். பிற்கூறு அவ்வலையமைப்புக்குள் எந்தக் கருவி என்பதைச் சொல்லும். கொழும்பிலே தபால் பிரிப்பவர் பதுளைப் பைக்குள் கடிதத்தைப் போடுவதோடு தம் வேலையை முடித்துக்கொள்வதுபோல, இடைவழியிலுள்ள வழிப்படுத்திகள் முற்கூற்றை மட்டும் நோக்கிச் செய்தியைத் தள்ளிவிடும்.

ஒரு வேற்றுமை உண்டு. 1924ஆம் ஆண்டிலே பதுளைக்கு வந்த ரயிற்பாதை ஒன்றே ஒன்று. தெமோதரையில் தன்னைத் தானே சுற்றித் தனக்குக் கீழே நுழைந்து வரும் அப்பாதையில் மண் சரிந்தால் ரயில் நின்றுவிடும். இணையத்திலோ செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து, ஒரு வழி அடைபட்டால் மறு வழியாகச் செல்லும். வழி மாறலாம், சேருமிடத்தின் இலக்கம் மாறலாகாது, அது உலகிலே தனித்ததாயும் இருக்கவேண்டும். ஆகவேதான் ஏடு காப்பவர் ஒருவர் தேவைப்பட்டார்.

1977ஆம் ஆண்டு தொடக்கம் பொஸ்டெல், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்திற் பணிபுரிந்தார். இணையத்தின் அடிப்படை நெறிமுறையை வகுத்த 791ஆம் இலக்கக் குறிப்பு, 1981 செப்டெம்பரில் அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. 1983ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் அர்ப்பாநெற் முழுவதும் அந்நெறிமுறைக்கு மாறியது. அதன்படி முகவரி என்பது ஒன்றும் பூச்சியமுமாகிய 32 குறிகளின் வரிசை. மனிதர் படிப்பதற்காக அதனை நான்கு எண்களாகப் பிரித்து, இடையே புள்ளியிட்டு எழுதுவர்; ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை அமையும். இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. அக்காலத்தில் வலையமைப்பிலே இருந்த கணினிகள் சில நூறே. நானூறு கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் எக்காலத்துக்கும் போதும் என்று எண்ணியதை இன்று குறைகூறுவது எளிது.

குறைகூறவேண்டியது வேறொன்று உண்டு. தொடக்க காலத்தில் முந்திக் கேட்டவர்களுக்கு முகவரிகள் பெரும் பெரும் துண்டங்களாக வழங்கப்பட்டன. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு 18 எனத் தொடங்கும் தொகுதி முழுவதும், போர்ட் மோட்டார்க் கம்பனிக்கு 19 எனத் தொடங்கும் தொகுதி முழுவதும் சென்றன. ஒவ்வொரு தொகுதியும் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் கொண்டது. இதைப் படித்தபோது எனக்குக் கோப்பிக் காலத்துக் கண்டிச் சீமைதான் நினைவுக்கு வந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தையொட்டி, ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் மலைகள் துரைமாருக்கு விற்கப்பட்டன. பிந்தி வந்தவர்க்கு லயத்துக் காம்பராவே மிஞ்சியது. பொஸ்டெல் எவரிடமும் விலை பெறவில்லை; கேட்டவர்க்குக் கேட்டபடி கொடுத்தார் என்பதே உண்மை. ஆயினும் கேட்கத் தெரிந்தவர்கள் அன்று ஒரு சில நாடுகளிலேயே இருந்தனர். ஆசியா கேட்கக் கற்றபோது பத்தாயம் பாதி வெறுமையாகியிருந்தது.

இதனை அவரும் உணராமலில்லை. ஒரே மேசையிலிருந்து உலகுக்கெல்லாம் படியளத்தல் இயலாதென்று, கண்டவாரியாகப் பொறுப்பு பகிரப்பட்டது. ஐரோப்பாவுக்கு 1992இலும், ஆசிய பசிபிக் பிரதேசத்துக்கு 1993இலும், வட அமெரிக்காவுக்கு 1997இலும் பதிவகங்கள் தோன்றின. நம் பிரதேசப் பதிவகமாகிய அப்னிக், டோக்கியோவிற் பிறந்து, 1998இல் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகருக்குப் பெயர்ந்தது. இலங்கையின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தமக்குரிய தொகுதிகளை அங்கிருந்தே பெறுகின்றன.

இலக்கங்களை மனத்திருத்துவது மனிதர்க்கு அரிது. ஆகவே பெயர்களைக் கொடுத்து, பெயருக்குரிய இலக்கத்தைத் தேடித் தரும் முறை ஒன்றை போல் மொக்கபெற்றிஸ் என்பவர் பொஸ்டெலின் தூண்டுதலால் 1983இல் வகுத்தார். நாடுகளுக்குரிய ஈரெழுத்து ஈறுகளை ஒப்படைக்கும் பொறுப்பும் பொஸ்டெலிடமே இருந்தது. எது நாடு, எது நாடன்று என்று தீர்ப்பது தம் தொழிலன்று எனக் கூறி, அனைத்துலகத் தர நிறுவனத்தின் பட்டியலையே பின்பற்றினார். இலங்கைக்குரிய எல்.கே. என்னும் ஈறு 1990ஆம் ஆண்டிற் பதிவாயிற்று. அதன் பின்னணியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் உழைத்தனர். இருபது ஆண்டுகளுக்குப்பின், 2010இல், இலங்கை என்ற சொல்லே தமிழெழுத்தில் ஓர் ஈறாக இடம்பெற்றது.

1994 மார்ச்சில் அவர் எழுதிய 1591ஆம் குறிப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஈறுகளை நிருவகிப்போர் அவற்றுக்கு உடைமையாளர் அல்லர், அறங்காவலரே என்பது அதன் சாரம். உரிமை, உடைமை என்ற சொற்கள் அங்கே பொருந்தா. பொறுப்பு, சேவை என்பவையே பொருந்தும் என்று அவர் வரையறுத்தார். சட்டப் புலமை காட்டாத எளிய நடை; ஒரு நாட்டுப்புறக் கோயிற் தருமகர்த்தா கணக்கு ஒப்புவிப்பது போன்ற தொனி. அவர் வாழ்க்கையும் அவ்வாறே இருந்தது. நீண்ட தாடி, காலிலே செருப்பு, ஓய்வு கிடைத்தால் முதுகிலே பையோடு சியரா நெவாடா மலைகளில் நடை. 1997ஆம் ஆண்டு ஆங்கில வார இதழ் ஒன்று இணையத்துக்குக் கடவுள் உண்டேல் அவர் இவரே என்னுமளவுக்கு எழுதியபோதும், அவர் தம் ஏட்டிலிருந்து தலை நிமிர்ந்ததாகத் தெரியவில்லை.

இனி, அவர் ஏட்டிலிருந்து நம் வீட்டுக்கு வருவோம். பசறையிலே ஒரு மாணவன் கைப்பேசியை வீட்டு வழிப்படுத்தியோடு இணைக்கின்றான் என்று கொள்வோம். கைப்பேசி முதலில், முகவரி கொடுப்பார் எவரேனும் உளரா என்று பொதுவிற் குரல் கொடுக்கும். வழிப்படுத்தி தன்னிடமுள்ள வெற்றிலக்கம் ஒன்றைக் காட்டும். கைப்பேசி அதையே வேண்டி நிற்கும். குறித்த காலம்வரை அது உனக்கே என்று வழிப்படுத்தி உறுதிசெய்யும். கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் இக்கொடுக்கல் வாங்கலுக்கு டி.எச்.சி.பி. என்பது பெயர், 1993ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. கொடுக்கப்படுவது குத்தகையே, அறுதியன்று. தவணை கடந்தால் அவ்விலக்கம் வேறொரு கருவிக்குப் போகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவ்வாறு கிடைக்கும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அது வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் இலக்கம். அதே இலக்கம் பண்டாரவளையிலும் இருக்கும், பாரிசிலும் இருக்கும். வெளியுலகுக்குத் தெரிவது வழிப்படுத்தியின் ஒரே முகவரிதான். பல இடங்களில் அதுவும் தனியுரியதன்று. தொலைத்தொடர்பு நிறுவனம் பல சந்தாதாரருக்கும் ஒரு முகவரியையே பொதுவில் வைக்கிறது. முகவரிகள் தீர்ந்துவருவதைக் கண்டு 1994ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட உபாயம் இது. உள்ளிருந்து ஒரு கருவி வெளியே வினவினால், வினவியது எது என்பதை வழிப்படுத்தி குறித்துக்கொண்டு, விடை வந்ததும் அதனிடம் சேர்க்கும். ஆனால் உள்ளிருந்து எவரும் கேளாதிருக்க, வெளியிலிருந்து ஒரு செய்தி தானாக வந்தால்? யாருக்குரியது என்று அறிய வழியின்றி, அது வாயிலிலேயே நின்றுவிடும்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஐந்நூறு குடும்பங்கள் வாழும் தோட்டத்துக்கும் தபாற்காரர் அறிந்த முகவரி தோட்டத்தின் பெயர் ஒன்றே. கடிதங்கள் காரியாலயத்தில் இறங்கும். அங்கிருந்து யாரேனும் எடுத்துச் சென்றால் உண்டு. வீதிப் பெயரும் வீட்டிலக்கமும் கொடுக்கும் முயற்சிகள் சில இடங்களில் நடந்துள்ளன. பல லயங்களுக்கு அவை இன்னும் எட்டவில்லை. என்னிடம் உயர்தரம் படித்த ஒரு மாணவிக்கு நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, குறித்த நாள் கழிந்து ஆறாம் நாள் கைக்கு வந்தது. அழைப்பு உரிய காலத்திலேயே தோட்டத்துக்கு வந்திருந்தது, காம்பராவுக்குத்தான் வரவில்லை. அவள் பிழையும் அன்று, தபாற்காரர் பிழையும் அன்று. இணையத்தை ஆக்கியோர் முதலில் எண்ணியது இந்நிலையை அன்று. ஒவ்வொரு பொறிக்கும் தனியிலக்கம், எவரும் எவரையும் நேரே அணுகும் வழி என்பதே அவர்கள் வரைந்த திட்டம்.

பதிவின்மை இழப்பாகும் நேரங்களும் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அடியிற் புதையுண்டவர் எத்தனை பேர் என்பதற்கு முதல் நாட்களிற் சொல்லப்பட்ட கணக்குகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டன. எந்தக் காம்பராவில் எவர் இருந்தார் என்று உடனே எடுத்துக் காட்டும் ஏடு எவர் கையிலும் இருக்கவில்லை.

பொஸ்டெலின் கடைசி ஆண்டுக்கு வருகிறேன். இணையம் வாணிகப் பொருளாகிவிட்ட காலம் அது. பெயர்களை விற்று ஒரு கம்பனி பெரும்பொருள் ஈட்டியது. ஏடு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்தது. 1998 ஜனவரி 28ஆம் திகதி, பெயர்முறையின் வேராக விளங்கிய பன்னிரண்டு கணினிகளில் எட்டினை நிருவகித்தோர்க்கு அவர் ஒரு மடல் அனுப்பினார். இதுவரை அக்கம்பனியின் கணினியிலிருந்து பெற்ற மூலப் பட்டியலை இனித் தம் நிலையத்திலிருந்து பெறுமாறு கேட்டார். அவர்களும் மறுபேச்சின்றிச் செய்தனர். வெள்ளை மாளிகை பதறியது. அதிகாரிகள் கண்டித்தபின், சில நாட்களில் அவர் பழையபடி மாற்றிவிட்டார். அது ஒரு பரிசோதனை என்றே விளக்கம் தந்தார்.

இச்செயலை நான் முழுவதும் மெச்சமாட்டேன். அறங்காவலர், சாவி தம்மிடம் இருக்கிறதென்று காட்டுவதற்காகக் கதவைத் திறந்து பார்ப்பது முறையன்று. ஆயினும் அவ்வெண்மரும் ஓர் அரசாணையோ ஒப்பந்தமோ இன்றி, பொஸ்டெல் கேட்டார் என்ற ஒரே காரணத்துக்காக இணங்கியதை எண்ணிப்பார்க்கிறேன். முப்பது ஆண்டு நேர்மை அத்தகைய செல்வாக்கை ஈட்டித்தந்திருந்தது; அச்செல்வாக்கு ஒரு தனி மனிதரிடம் இருப்பதே ஆபத்தென்று அரசினர் கண்டதும் இயல்பே. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐகான் என்ற பொது நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது. ஏட்டை அதனிடம் ஒப்படைக்கும் ஏற்பாடுகளில் ஈடுபட்டிருந்த வேளையிலேயே, 1998 ஒக்டோபர் 16ஆம் திகதி, இருதய சத்திர சிகிச்சையைத் தொடர்ந்த கோளாறினால் லொஸ் ஏஞ்சல்ஸில் அவர் காலமானார். வயது ஐம்பத்தைந்து. பள்ளித் தோழர் சேர்ப் எழுதிய இரங்கலுரை, பொஸ்டெல் பதிப்பித்த அதே வரிசையில் 2468ஆம் குறிப்பாக வெளிவந்தது.

அவர் பங்கிட்ட இலக்கங்களின் மத்தியக் களஞ்சியம் 2011 பெப்ரவரி 3ஆம் திகதி தீர்ந்தது. அதே ஏப்ரலில் அப்னிக் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. ஓர் அங்கத்தவருக்கு 1,024 முகவரிகளுக்குமேல் இல்லையென்று வரம்பு விதித்து, 2019இல் அதனையும் 512ஆகக் குறைத்தது. 128 குறிகள் கொண்ட புதிய முகவரி முறை 1995 டிசம்பரிலேயே வகுக்கப்பட்டிருந்தது. அதன்படி அமையும் முகவரிகளின் தொகையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்; மலைநாட்டிலுள்ள ஒவ்வொரு தேயிலைச் செடிக்கும் ஒன்று கொடுத்தாலும் குறையாது. உலகம் மெல்ல மெல்ல அதற்கு மாறி வருகிறது. ஏட்டின்மீது அமெரிக்க அரசுக்கிருந்த மேற்பார்வை ஒப்பந்தம் 2016 ஒக்டோபர் முதலாம் திகதியோடு முடிவடைந்தது.

பொஸ்டெல் பெயரால் இணையச் சங்கம் ஒரு விருது வழங்கிவருகிறது. 2014ஆம் ஆண்டில் அதனைப் பெற்றவர் நேபாளத்தைச் சேர்ந்த மகாவீர் புன். மியாக்டி மாவட்டத்து நாங்கி என்னும் மலைக்கிராமத்திலே ஆசிரியராயிருந்தவர். கம்பி எட்டாத அம்மலையூர்களை வானலை வழியே இணையத்தோடு தொடுத்தவர்.